மாத்திரைக்கு ஒரு ஊர்வலம்

ஆலங்கோட்டை சவரிமுத்து பேண்டு செட்டைப் பற்றி ஊரில் யாரும் குறை சொல்வதில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாததுதான் காரணம். சவரிமுத்து டிரம்பெட், தொம்மை பெரிய டிரம், மிக்கேல் சின்ன டிரம், அருளப்பன் ஜால்ரா. கல்யாணம், ஞானஸ்நானம், சாவு எதற்கும் வாசிப்பார்கள். வாசிப்பில் நாலு பேரும் கெட்டி. மற்ற காரியமெல்லாம் யாராவது சொல்லித்தான் செய்ய வேண்டும். சொன்னால் சொன்னபடியே செய்துவிடுவார்கள், வம்பே அதில்தான்.

ஒரு நாள் சவரிமுத்துவுக்குத் தலை சுற்றியது. டாக்டர் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தார். பிரஷர் எக்கச்சக்கமாக ஏறிக் கிடக்கிறது, தினமும் மாத்திரை சாப்பிடு, அது இறங்கும்வரை எதையும் ஊதாதே, இறங்கவில்லை என்றால் டிரம்பெட்டை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். பெண்டாட்டி பிறந்த ஊரைக்கூடச் சவரிமுத்து மறந்ததுண்டு, டிரம்பெட்டை எப்படி மறப்பது? அன்று சாயங்காலம் சுடச்சுட வந்த டீயை ஊதாமல் குடித்து நாக்கை வேகவைத்துக்கொண்டார். எதையும் ஊதக் கூடாதே.

மருந்துக்கடை ஜெயசீலிக்கு ஒரு பழக்கம். புதிதாக மாத்திரை ஆரம்பிக்கிறவர்களிடம் அட்டையைக் கிழித்துக் கொடுத்து அனுப்பிவிட மாட்டாள். உட்கார வைத்து விளக்குவாள், ஒரு வாரம் போனால் போன் போட்டு விசாரிப்பாள். பாதிப் பேர் வாங்குவதோடு சரி, விழுங்குவதில்லை என்று அவளுக்குத் தெரியும். நாலு பேரையும் பெஞ்சில் உட்கார வைத்துச் சொன்னாள். காலையில் ஒண்ணு. வெயில் படக் கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. எப்போதும் கண்ணில் படுகிற மாதிரி வைத்துக்கொண்டால் மறக்காது. நாலு தலையும் ஒரே தாளத்தில் ஆடின.

வீட்டுக்கு வந்ததும் கூடி உட்கார்ந்து யோசித்தார்கள்.

“எப்பவும் கண்ணுல படணும்னா, அண்ணன் போற இடத்துக்கெல்லாம் மாத்திரையும் வரணும்,” என்றான் தொம்மை.

“பிள்ளைக கைக்கு எட்டக் கூடாதே. மூங்கில் கம்பு நுனியில கட்டிருவோம்,” என்றான் அருளப்பன்.

“எவ்வளவு உசரம்? அண்ணன் கைக்கு எட்டினா, அண்ணன் தோள்ல ஏறுற பிள்ளைக்கும் எட்டிரும்,” என்றான் மிக்கேல்.

மற்றவர்கள் அவனை மரியாதையோடு பார்த்தார்கள். மூணாம் வகுப்பை மூணு வருஷம் படித்தவன், சும்மாவா? ஆகவே யாருக்கும் எட்டாத உயரத்தில் மாத்திரை அட்டை ஏறியது. வெயில் படாமலிருக்க அதற்கு மேலே ஒரு குடையும் ஏறியது.

அந்த வாரம் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. ஊதக் கூடாதவர் என்பதால் சவரிமுத்து கம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். குடையைப் பார்த்து வழியில் ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சவரிமுத்து அண்ணாந்து அட்டையையே பார்த்துக்கொண்டு நடந்ததில், மண்டபத்துக்குப் போக வேண்டிய ஊர்வலம் அரிசி மில்லுக்குள் போய் நின்றது. தவிட்டை உதறிக்கொண்டு வெளியே வந்த மாப்பிள்ளை அப்புறம் அவர்களோடு பேசவே இல்லை.

ஒரு வாரம் போனதும் ஜெயசீலி வழக்கப்படி போன் போட்டாள். மாத்திரை எப்படிப் போகிறது என்று கேட்டாள்.

“பத்திரமா இருக்கு தங்கச்சி. ஒண்ணுகூட குறையல,” என்றார் சவரிமுத்து பெருமையாக.

போனை வைத்துவிட்டு அவளே நேரில் வந்துவிட்டாள். தினமும் காலையில் கம்புக்கு நேர் கீழே நின்று வாயைத் திறந்துகொண்டு காத்திருந்ததாகவும், மாத்திரைதான் இறங்கி வரவில்லை என்றும் சவரிமுத்து மனத்தாங்கலோடு சொன்னார். டிரம்பெட் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு.

ஜெயசீலி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. காலையில் எழுந்ததும் மறக்காமல் செய்வது என்ன என்று மட்டும் கேட்டாள். டிரம்பெட்டைத் துடைப்பது என்றார் அவர்.

“அப்ப மாத்திரை டிரம்பெட் பெட்டிக்குள்ளயே இருக்கட்டும், பெட்டியைப் பூட்டிக்கங்க. தினமும் பெட்டியைத் திறந்ததும் முதல்ல மாத்திரையை முழுங்கிட்டுத் தண்ணி குடிங்க, அப்புறம் துடைங்க. மாத்திரை தீர்ந்ததும் காலி அட்டையை என்கிட்ட கொண்டு வாங்கண்ணே, புதுசு தர்றேன்.”

அவள் முன்னாலேயே சவரிமுத்து ஒன்றை விழுங்கினார். செட்டில் எதையும் சேர்ந்தே செய்து பழகிய மற்ற மூவரும் வாயைத் திறந்தார்கள். இது அண்ணனுக்கு மட்டும் என்று ஜெயசீலி சொன்னதும் அவர்கள் முகம் விழுந்துவிட்டது.

அப்புறம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. அட்டை தீர்ந்த அன்று டாக்டர் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு, பிரஷர் இறங்கிவிட்டது, இனி ஊதலாம், ஆனால் மாத்திரையை விடாதே என்றார். சவரிமுத்து குழந்தை மாதிரி தேம்பி அழுதார்.

காலி அட்டையைக் கொண்டுபோக வேண்டுமே. எப்படிக் கொண்டுபோவது என்று பேச்சு வந்தது.

“நம்ம அண்ணன் உசிரைக் காப்பாத்திட்டுப் போயிருக்கு. சும்மா சட்டைப் பையில போட்டு எடுத்துட்டுப் போறதா?” என்றான் தொம்மை. அதோடு பேச்சு முடிந்தது.

அட்டைக்கு மாலை போட்டு, கம்பில் கட்டி, குடை பிடித்து, சாவுக்கு வாசிக்கும் மெட்டை வாசித்துக்கொண்டு கிளம்பினார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பஸ் ஓரம் கட்டியது. ஒரு பெரியவர் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அருளப்பனிடம் வந்தார்.

“யாருப்பா தவறிட்டது?”

“மாத்திரைங்க.”

“அடப் பாவமே. என்ன வயசு?”

“ஒரு மாசம்தான்.”

“பச்சப் புள்ளையா?” என்று பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடவே நடந்தார். அவரைப் பார்த்துப் பத்து இருபது பேர் சேர்ந்துகொண்டார்கள்.

மாலையும் கூட்டமும் வருவதைப் பார்த்து ஜெயசீலி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். முன்னால் கன்னம் உப்ப டிரம்பெட் ஊதிக்கொண்டு வருகிறவரைப் பார்த்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. காலி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள், ஒரு மாத்திரைகூட மிச்சமில்லை. சந்தோஷம் தாங்காமல் புது அட்டையை எடுத்து மிக்கேல் கையில் கொடுத்தாள்.

அந்த நிமிஷமே சவரிமுத்து ஞானஸ்நானத்துக்கு வாசிக்கும் மெட்டுக்கு மாறினார். அழுதுகொண்டு வந்த கூட்டம் ஆடத் தொடங்கியது. துண்டுப் பெரியவர் மிக்கேல் கையை எட்டிப் பார்த்தார்.

“அதுக்குள்ள அடுத்ததா? ஆணா, பொண்ணா?”

மிக்கேல் அட்டையை முன்னும் பின்னும் திருப்பி நிதானமாகப் படித்தான்.

“போடலைங்க. இருங்க, தங்கச்சிகிட்ட கேட்டுட்டு வந்துடறேன்,” என்று கடைக்குள் போனான்.