மஞ்சள் பூச்செடி கிள்ளக் கிள்ளப் பூப்பது ஏன்?

அந்தக் காலத்தில் செடிகொடிகளும் வாய் திறந்து பேசின. ஆனால் ஆயுசு குறைவு. ஒரு தடவை பூத்து, விதை முற்றினால் அதோடு கதை முடிந்தது. செடியில் நகம் படுவது பெரும் பாவம் என்றிருந்த காலம் அது. விதை தானாக உதிரும்வரை காய்ந்த பூவைக்கூட யாரும் தொடமாட்டார்கள்.

கல்லு மேட்டில் மாரக்காள் ஒரு தோட்டம் வைத்திருந்தாள். அவளிடம் இருந்தது ஒரே வகைச் செடிதான். பூ மஞ்சள் மஞ்சேரென்று இருக்கும். இதழ் நுனியெல்லாம் பல் பல்லாக இருக்கும். விதைதான் பார்க்க மாட்டு உண்ணி மாதிரி! ஊரே சிரித்தது. மாரக்காள் அசரவில்லை. "பூவைப் பாருங்கடி முதல்ல" என்பாள்.

ஒருநாள் சூரியன் காற்றிடம் சொல்லி அனுப்பினான்: "தை முதல் நாள் வருவேன். அன்றைக்குப் பூவோடு நிற்கும் செடிக்கு, வருஷா வருஷம் வேரிலிருந்தே துளிர்க்கும் வரம் தருவேன்."

மாரக்காளின் செடி அவசரக் குடுக்கை. கார்த்திகையிலேயே பூத்துத் தீர்த்துவிட்டது. மார்கழி பிறந்தபோது தலையெல்லாம் காய்ந்து கறுத்து, விதை பிடிக்கத் தொடங்கியிருந்தது. தை பிறக்க இன்னும் எத்தனை நாள் என்று மாரக்காள் விரல்விட்டு எண்ணினாள்.

கீழ்த்தோட்டத்துச் செவ்வந்திக்காரி வேலாத்தாள் எட்டிப் பார்த்தாள். "ஏனக்கா, சூரியனுக்கு உண்ணியக் காட்டப் போறயா? எங்கிட்ட எரு இருக்குது, ரெண்டு கூடை கொண்டுபோய்ப் போடு."

"வேண்டாம் ஆத்தா" என்றது செடி. "எருப் போட்டா எல தான் மண்டும். விதைக்குப் பால் கட்டியே எம் பலம் போகுது. காஞ்ச தலையப் பூராக் கிள்ளிப்போடு. மறுபடி பூக்கறேன்."

மாரக்காள் பதறிப்போனாள். "பூராவுமா? நீ பூக்காமப் போனா? ஒரு விதைகூட மிஞ்சாதே. உன் வம்சமே அத்துப்போகும் கண்ணு!"

"நான் பூப்பேன். நீ கிள்ளு."

அழுதுகொண்டே கிள்ளினாள். ஒன்றுகூட விடவில்லை. பாவி, சண்டாளி என்று ஊர் வாயில் வந்ததையெல்லாம் சொன்னது. மொட்டைக் காம்புகளுக்கு நடுவே அவள் தினமும் போய் உட்கார்ந்திருந்தாள். பத்து நாள் ஒன்றுமில்லை. பதினோராம் நாள், இலைக்கணுவில் மிளகளவு மொட்டு ஒன்று எட்டிப் பார்த்தது.

தை முதல் நாள், கல்லு மேடு முழுக்க மஞ்சள்! வானத்தில் போய்க்கொண்டிருந்த சூரியன் நின்றேவிட்டான்.

"போன மாசம் காய்ந்து கிடந்ததே! விதையெல்லாம் எங்கே?"

"கிள்ளிப் போட்டுட்டனுங்க சாமி."

"அத்தனையுமா? இது பூக்காமல் போயிருந்தால்?"

மாரக்காள் தலையை நிமிர்த்தினாள். "பூக்கறேன்னு அது சொல்லுச்சுங்க. எஞ் செடி பொய் சொல்லாதுங்க."

சூரியனே சிரித்துவிட்டான். சொன்னபடி வரம் கொடுத்தான். அன்று சாயங்காலம் வேலாத்தாள் மெதுவாக மேடேறி வந்து, "எப்படிக் கிள்ளினே, காட்டக்கா" என்றாள். மாரக்காளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்படி ஒரு பெருமிதம்!

அன்று முதல்தான் இந்த மஞ்சள் பூச்செடி வருஷா வருஷம் வேரிலிருந்தே துளிர்க்கிறது. காய்ந்த பூவைக் கிள்ளிய கைக்கு, சொன்ன சொல் தவறாமல், புதுப் பூவை நீட்டுகிறது.