தட்டை மூஞ்சியும் நீள மூக்கும்

ஓமனில் சலாலாத் துறைமுகத்திலிருந்து ஏறும் மலை தும்ரைத் என்ற ஊரில் முடிகிறது. அதற்கு வடக்கே பாலைவனம். இரண்டுக்கும் நடுவில் ஒரு லாரி யார்டு இருந்தது. மலையேறி வரும் வண்டி தன் டிரெய்லரை அங்கே கழற்றிவிடும். பாலைவனம் போகிற வண்டி அதை மாட்டிக்கொண்டு கிளம்பும்.

மலைக்கு ஐரோப்பா வண்டிகள். எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கும், முகம் சுவர் மாதிரி தட்டையாக இருக்கும். பாலைவனத்துக்கு அமெரிக்க வண்டிகள். அவற்றுக்கு எஞ்சின் முன்னால், ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற நீளத்துக்கு மூக்கு. டிரைவர்கள் ஒன்றைத் தட்டை மூஞ்சி என்றார்கள், மற்றதை நீள மூக்கு என்றார்கள். எது உசத்தி என்று டீக்கடையில் தினமும் சண்டை நடந்தது. இரண்டு கட்சியிலும் யாரும் தோற்றதில்லை.

அந்தச் சண்டையில் சேராத ஒரே ஆள் அந்திரேயா. வேம்பாற்றுக்காரர், நாற்பதுகூட ஆகவில்லை. யார்டில் எல்லோரும் அவரை ஆசான் என்பார்கள். புதிதாக வருகிறவர் எத்தனை வருடம் லாரி ஓட்டியவராக இருந்தாலும் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். தனியாகப் போகலாம் என்று அவர் வாயால் சொன்னால் சாவி கிடைக்கும். மூன்று மாதக் கெடுவுக்குள் சொல்லாவிட்டால் ஊருக்கு டிக்கெட் கிடைக்கும்.

பொன்னுரங்கத்துக்கு அந்த வார்த்தை இன்னும் கிடைக்கவில்லை. சங்ககிரிக்காரர், ஐம்பதை நெருங்கியவர், காஷ்மீர்வரை லோடு இறக்கியவர். அவர் ஓமன் புறப்பட்டபோது உறவுக்காரர்கள் பேனர் வைத்து, கறிவிருந்து போட்டு, மாலை மரியாதையோடு அனுப்பியிருந்தார்கள். திரும்பிப் போய் அந்த முகங்களில் எப்படி முழிப்பது என்பதுதான் அவருக்குக் கவலை. தன்னைவிடச் சின்னவரிடம் பாடம் கேட்கிற கசப்பு வேறு. ஆசான் என்று கூப்பிட நாக்கு வளையவில்லை. தம்பி என்றே கூப்பிட்டார். அந்திரேயாவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அண்ணாச்சி என்றார்.

ஒரு நாள் பொன்னுரங்கம் கேட்டார்.

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க தம்பி. ரெண்டுல எதுங்க நல்ல வண்டி?"

அந்திரேயா டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் பொன்னுரங்கத்தைத் தட்டை மூஞ்சியில் ஏற்றி, எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகும் மண்பாதையில் ஓட்டச் சொன்னார். முன்சக்கரத்துக்கு மேலேயே சீட்டு. ஒவ்வொரு மேடும் நேராக முதுகுத்தண்டில் ஏறியது. நடுப்பாலையில் பெல்ட் அறுந்தபோது, எஞ்சினைப் பார்க்க கேபினையே முன்பக்கம் கவிழ்க்க வேண்டியிருந்தது. அவசரத்தில் எதையும் எடுத்துவைக்காமல் கவிழ்த்தார். சோற்றுச் சட்டி, தலையணை, முருகன் படம் எல்லாம் போய்க் கண்ணாடியில் விழுந்தன. யார்டுக்குத் திரும்பியபோது பொன்னுரங்கத்தை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள்.

அடுத்து நீள மூக்கில் ஏற்றி மலையிறங்கச் சொன்னார். மழைக்காலம், மேகம் ரோட்டிலேயே படுத்துக் கிடந்தது. ஒரு வளைவில் மூக்கு போய் ஓரத் தடுப்புக்கு மேல் நின்ற பிறகுதான் அங்கே வளைவு இருப்பதே பொன்னுரங்கத்துக்குத் தெரிந்தது. தட்டை மூஞ்சி ஒரே மூச்சில் திரும்புகிற இடம் அது. இவர் பின்னால் எடுத்து, முன்னால் எடுத்து, மறுபடி பின்னால் எடுத்தார். மேகத்துக்குள்ளிருந்து யார் யாரோ ஹாரன் அடித்தார்கள். கீழே போய்ச் சேர்ந்தபோது சட்டையைப் பிழியலாம்போல இருந்தது.

அன்றைக்குப் பொன்னுரங்கம் தெளிவாகிவிட்டார்.

"புரிஞ்சுபோச்சுங்க தம்பி. சந்து பொந்து, வளைவு, இறக்கம், இதுக்கெல்லாம் தட்டை மூஞ்சி. நேர் ரோடு, தூரப் பயணம்னா நீள மூக்கு. இதுதானுங்களே பதிலு?"

"இதை வண்டி விக்கிறவனே சொல்லிருவானே அண்ணாச்சி."

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்றது. சரியான பதிலைச் சொல்லியும் மார்க் போடாத வாத்தியாரை யாருக்குத்தான் பிடிக்கும்?

கெடு முடிகிற நாள் வந்தது. அவருக்கென்று புத்தம் புது நீள மூக்கு ஒன்றைக் கம்பெனி ஒதுக்கி வைத்திருந்தது. கேட்வரை எடுத்துக் காட்டுங்கள், பிறகு சொல்கிறேன் என்றார் அந்திரேயா.

பொன்னுரங்கம் விடிந்ததும் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்தார். கையில் எலுமிச்சம்பழங்கள். புது வண்டியை எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் எடுத்த பாவம் அவர் பரம்பரையில் யாருக்கும் கிடையாது. மூக்குக்கு முன் சூடம் காட்டினார். சக்கரத்துக்கு ஒன்றாகப் பழம் வைத்தார். அந்திரேயா கைகட்டி நின்று பார்த்தார். அவர் மாதா கோயில் ஆள் என்றாலும் அடுத்தவர் கும்பிடுவதைக் கேலி செய்கிறவர் இல்லை.

பொன்னுரங்கம் படியேறி, அந்த ஊர் வழக்கப்படி இடது பக்கம் இருந்த டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். முன்னால் வெள்ளை மூக்கு பளபளவென்று நீண்டு கிடந்தது. அதற்கு அப்பால் காலி யார்டு, அதற்கும் அப்பால் திறந்த கேட். இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்தார். ஒரு ஈ காக்கை இல்லை. அந்திரேயாவையும் காணோம், கேட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். முருகா என்று சொல்லி பிரேக்கை எடுத்தார்.

வண்டி ஒரு சாண் நகர்ந்திருக்கும். வலது பக்கம் தகரத்தில் படபடவென்று யாரோ அறைந்தார்கள்.

பிரேக்கை மிதித்தார். புஸ்ஸென்று காற்று இறங்கி வண்டி நின்றது. எஞ்சினை அணைத்த பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

இறங்கினார். மூக்கைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய்ப் பார்த்தார். அந்திரேயா மண்ணில் மல்லாந்து கிடந்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொரு செருப்பின் பாதி சக்கரத்துக்கு அடியில் இருந்தது. அதன்மேல் எலுமிச்சம்பழச் சாறு வழிந்துகொண்டிருந்தது.

"பழம் உருண்டுட்டு. எடுத்து வைக்கலாம்னு குனிஞ்சேன்," என்றார் அந்திரேயா.

பொன்னுரங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மனிதன் சாகாமல் இருப்பதற்கும் சாவதற்கும் நடுவே ஒரு செருப்பு அகலம்தான் இருந்தது. பாத்தேனுங்க, எல்லாப் பக்கமும் பாத்தேனுங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பார்த்தது நிஜம்தான், அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

அந்திரேயா எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். திட்டவில்லை. பக்கத்தில் நின்ற பழைய தட்டை மூஞ்சியைக் காட்டினார்.

"அதை எடுங்க. கேட் வரைக்கும்."

"இப்பவுங்களா?"

"இப்பத்தான்."

பொன்னுரங்கம் அதில் ஏறினார். அந்திரேயா எங்கே இருக்கிறார் என்று முதலில் பார்த்துக்கொண்டார். ஒரு காலில் செருப்பில்லாமல் டீக்கடைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். எஞ்சின் ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

நிமிர்ந்து பார்த்தபோது மனசு லேசானது. மறைக்கிற மூக்கு இல்லை. முன்கண்ணாடிக்குக் கீழிருந்தே தரை தொடங்குவதுபோலத் தெரிந்தது. இந்த வண்டியாக இருந்திருந்தால் அப்படி நடந்தே இருக்காது. இதுதான் நல்ல வண்டி, இத்தனை நாள் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை என்று தோன்றியது. அதைச் சொல்வதற்காக டீக்கடைப் பக்கம் திரும்பினார். அங்கே அந்திரேயா இல்லை.

கூப்பிட்டார். பதில் வரவில்லை. பக்கக் கண்ணாடிகளில் யாரும் இல்லை. நெற்றிக்கு மேலே முன்பக்கத் தரையைக் காட்டுகிற சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு, அதில் பாலைவனத் தூசி அப்பியிருந்தது. முன்னால் கேட்வரை வெறும் தரை.

பிரேக்கில் வைத்த கையை அவர் எடுத்துக்கொண்டார். எஞ்சினை அணைத்தார். கதவைத் திறந்து இறங்கி, பின்னாலிருந்து தொடங்கி ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே முன்பக்கம் வந்தார்.

முன்கண்ணாடிக்கு நேர் கீழே, பம்பரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அந்திரேயா குத்தவைத்திருந்தார். வெறுங்கால் சக்கரத்தின் பக்கமாக நீண்டிருந்தது.

பொன்னுரங்கம் பதறிச் சக்கரத்துக்கு அடியில் பார்த்தார். வண்டி உருளாமல் இருக்கக் கட்டை ஏதாவது வைத்திருப்பார் என்று நம்பினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கட்டை இல்லை.

அவருக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. கோபமா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை.

"கட்டைகூட வெக்கலீங்களே. நா எடுத்திருந்தா?"

அந்திரேயா எழவில்லை. அங்கிருந்தபடியே பேசினார்.

"உங்களைத் தனியா அனுப்பிட்டா, நாளைக்கு எவன் பெத்த பிள்ளையோ இந்த எடத்துல உக்காந்திருக்கும். நீங்க எறங்குவீங்களா மாட்டீங்களான்னு அதுக்குத் தெரியாது. எனக்கும் தெரியல. அதான் மொதல்ல நான் உக்காந்தேன்."

பொன்னுரங்கம் அந்த வெறுங்காலைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். அந்திரேயா அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இனி தனியாப் போகலாம் அண்ணாச்சி."

மூன்று மாதமாகக் காத்திருந்த வார்த்தை. பொன்னுரங்கத்துக்குச் சந்தோஷப்படத் தெம்பில்லை. பிடித்த கையை விடாமல் கேட்டார்.

"எந்த வண்டியிலங்க, ஆசான்?"

"எதுலேருந்து எறங்கிப் பாக்கீங்களோ, அதுல."