ராஜா இறக்கிவைத்த வெல்லம்

ரொம்ப காலத்துக்கு முன்னால், மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருந்த வேங்கைநாட்டை விசயமல்லன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர், உடம்புதான் கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது. போன திருவிழா ஊர்வலத்தில் அவர் ஏறி உட்கார்ந்ததும், ஆசைக்குதிரை முகிலன் கால் மடங்கி நடுவீதியிலேயே உட்கார்ந்துவிட்டது. சனங்கள் சிரிக்கவில்லை. அவர்கள் சிரிக்காமல் நின்றதைத்தான் ராஜாவால் தாங்க முடியவில்லை. அதன்பிறகு லாயத்துப் பக்கமே அவர் போகவில்லை.

"ராத்திரிக்குக் கேழ்வரகுக் கஞ்சி, காலையில் கோட்டையைச் சுற்றி ஒரு நடை" என்றார் அரண்மனை வைத்தியர் மாசிலாமணி. வெள்ளிக்கிழமைதோறும் ராஜா சபையில் தராசு ஏறுவார். எதிர்த்தட்டில் வெல்லம். அவர் இளைத்த அளவுக்கு வெல்லத்தை இறக்கி, திருவிழாவில் சனங்களுக்குப் பங்கிட ஒரு சாக்கில் போட்டுவைப்பார்கள். சாக்கு நிரம்பிக்கொண்டே வந்தது. திடீரென்று ஒருநாள் தராசு நின்றுபோனது.

அதே கஞ்சி, அதே நடை. ராஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த வெள்ளி மோதிரங்களைக் கழற்றிவிட்டு ஏறினார். அதற்கடுத்த வெள்ளி மீசையை எடுத்துவிட்டு ஏறினார். மூச்சை விட்டுப் பார்த்தார், பிடித்துப் பார்த்தார். தூக்கத்தில் தன் வாயால் வேறு யாராவது சாப்பிடுகிறார்களோ என்று சந்தேகம் வந்து, ராணியைக் காவல் வைத்தார்.

"குறட்டைதான் வெளியே வருது. உள்ளே ஒண்ணும் போகலை" என்றாள் ராணி.

திருவிழாவுக்கு முந்தின நாளும் தராசு அசையவில்லை. வைத்தியர் இடத்தில் தன் மைத்துனனை உட்கார்த்திவைக்கக் காத்திருந்த அரண்மனை அதிகாரி பட்டாபிராயர் எழுந்தார்.

"மகாராஜா கோபிக்கக் கூடாது. தாங்கள் எப்போதுமே இளைக்கவில்லை. எல்லாம் வைத்தியரின் கண்கட்டு வித்தை. இளைத்துப்போனது நம் சமையல்கட்டுப் பாயசம்தான்!"

சபை சிரித்தது. ராஜாவுக்குச் சுருக்கென்றது.

"வைத்தியரே, இன்று பொழுது சாய்வதற்குள் காரணம் சொல்லும். இல்லையென்றால் நாட்டைவிட்டுக் கிளம்பும்."

"எனக்கே புரியவில்லையே, மகாராஜா!" என்று வைத்தியர் கையைப் பிசைந்தார்.

அமைச்சர் ஆவுடையார் தொண்டையைச் செருமினார். "மகாராஜா ஒன்றும் இளைக்கவில்லை என்றால் அந்தச் சாக்கில் இருப்பதும் ஒன்றுமில்லைதானே? ராயர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, மகாராஜாவோடு கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வரட்டும்."

"இவ்வளவுதானா!" என்று ராயர் தூக்கினார். வடக்கு வாசலில் முதுகு வளைந்தது. குளத்தங்கரையில் சாக்கோடு சேர்ந்து அவரும் உட்கார்ந்துவிட்டார்.

"இங்கே கொடுமய்யா" என்று ராஜாவே அதைத் தோளில் ஏற்றினார். நாலு எட்டு வைக்கவில்லை, மூச்சு இரைத்தது. பல நாளாக எட்டிப் பார்க்காத வியர்வை முதுகில் வழிந்தது. அப்படியே நின்றுவிட்டார்.

"ஆவுடையாரே, இதையா நான் சுமந்துகொண்டு திரிந்தேன்?"

"ஆமாம் மகாராஜா. இதைச் சுமந்து நடந்தபோது அந்த ஒரு சுற்று உடம்புக்குப் பெரிய வேலை. இப்போது இறக்கிவைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடக்கிறீர்கள். நடை அதேதான், வேலை குறைந்துவிட்டது. குடிக்கிற கஞ்சி அந்த வேலைக்குச் சரியாகப் போகிறது. அதனால் எடையும் அங்கேயே நிற்கிறது. வைத்தியர் மேல் தப்பில்லை."

"அப்படியானால் இன்னும் ஒரு சுற்று நடக்கணுமோ?"

"நடக்கலாம். அதற்கு முன்னால், யாருக்காக இளைக்க ஆரம்பித்தீர்களோ, அவனை ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம்."

ராஜா லாயத்துக்குள் மெல்ல நுழைந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறினார். முகிலன் நின்றது. நின்றது மட்டுமில்லை, கழுத்தைத் திருப்பி முதுகைப் பார்த்தது. ஆள் ஏறியாயிற்றா இல்லையா என்று அதற்குக் குழப்பம். மறுபக்கம் திரும்பி இன்னொரு தடவை பார்த்தது.

"உனக்குமா புரியவில்லை!" என்று ராஜா குதிரையின் பிடரியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். 

பிறகு விரலைப் பார்த்தார். மோதிரம் தளர்ந்து தானாகச் சுழன்றது. அதை உருவி ஆவுடையாருக்குப் பரிசாகக் கொடுத்தார். மாசிலாமணியின் கையைப் பிடித்து, "நாளைக்கு என் பக்கத்தில் நடந்து வாரும்" என்றார். ஊர்வலத்தில் வெல்லச் சாக்கை ராயர் தலையில் ஏற்றச் சொன்னார்.

மறுநாள் ஊர்வலத்தில் முகிலன் தெருவுக்குத் தெரு நின்று, மேலே ராஜா இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தது. ராயர் பின்னால் மூச்சு வாங்க வெல்லம் கொடுத்துக்கொண்டே வந்தார். அன்றைக்குத்தான் சனங்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். எல்லோருக்கும் மேலே சத்தமாகக் கேட்டது ராஜாவின் சிரிப்பு.