ஆகாச நாகமும் முப்பத்தெட்டுப் பேர் பையும்

நான் பொய் சொல்ல மாட்டேன். கான்வென்ட்டில் படித்தவள். உண்மை கொஞ்சம் குட்டையாக நின்றால் அதற்கு ஒரு ஹை ஹீல்ஸ் மாட்டிவிடுவேன், அவ்வளவுதான். நிஜமாகவே பொய் சொல்லத் தெரியாத ஆள் எங்கள் வீட்டில் ஒருவர் உண்டு. என் வீட்டுக்காரர். எனக்கு யாராவது போன் செய்தால், "சுகந்தி வீட்ல இல்லைன்னு சொல்லச் சொல்றா" என்று அப்படியே ஒப்பித்து வைப்பார். அந்த மனுஷனோடு இருபத்து மூன்று வருஷமாகக் குடித்தனம் செய்கிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தில்லை நகரில் என் நாத்தனார் திலகா அக்கா வீட்டு ஹாலில் மாநாடு. சென்னைக்குப் பக்கத்தில் குதூகலபுரி என்று ஒரு தீம் பார்க். போன மே மாசம் போனோம், இந்த மே மாசமும் போகப் போகிறோம். போன தடவை மாதிரியே முப்பத்தெட்டுப் பேர். நாங்கள், சம்பந்தி வீடு, என் கொழுந்தன் கருணாகரனின் ஆபீஸ் ஆட்கள், அந்த ஆட்களின் மச்சினிகள். காதுகுத்துக்குக் கூப்பிட்டால் தலை காட்டாத கூட்டம், க்ரூப் டிக்கெட்டில் தள்ளுபடி என்றதும் பாசத்தில் உருகிவிட்டது.

கருணாகரன் பெண்டாட்டி பவித்ரா செல்போனைப் பார்த்து யார் யாருக்கு என்ன வேலை என்று வாசித்தாள். வேன் யார் பிடிப்பது என்பதற்கு ஒரு சண்டை. முன் சீட்டு யாருக்கு என்பதற்கு இன்னொரு சண்டை. எலுமிச்சை சாதமா புளிசாதமா என்று வந்தபோது இரண்டு பேர் பேச்சுவார்த்தையே நிறுத்திக்கொண்டார்கள். கடைசியாக, "பை, சுகந்தி அக்கா" என்று வாசித்தாள். இதற்கு மட்டும் சண்டையே இல்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று வாசித்த மாதிரி எல்லோரும் போண்டாவைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார்கள்.

பை என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? கூட்டமாக தீம் பார்க் போகிற எந்தக் குடும்பத்திலும் ஒருத்தியைப் பார்த்து, "நீ இங்கயே இரு, பையைப் பார்த்துக்கோ, இதோ வந்துடறோம்" என்பார்கள். சொன்னவர்கள் இருட்டினால்தான் வருவார்கள். போன வருஷம் நான்தான் அந்த ஒருத்தி. என் வீட்டுக்காரர் ரப்பர் வளையத்தில் மல்லாந்து சோம்பேறி ஆறு என்று வட்டமாக மெல்ல ஓடுகிற கால்வாயில் மிதக்கப் போனார். காலையில் படுத்தவர், மூடுகிற விசில் ஊதிய பிறகுதான் எழுந்தார். விரலெல்லாம் கொத்தவரங்காய் வற்றல். நான் உட்கார்ந்திருந்த சிமென்ட் பெஞ்சுக்கு நேர் மேலே ஆகாச நாகம். வானத்துக்கு ஏறி, அங்கிருந்து தலைகுப்புற விழுந்து, நடுவில் இரண்டு முடிச்சும் போடுகிற ரோலர் கோஸ்டர். நாள் பூராவும் அதன் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து பெண்கள் கத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என்ன கத்தல்! அடிவயிற்றிலிருந்து, வெட்கமில்லாமல், டிக்கெட் வாங்கிக்கொண்டு கத்துகிறார்கள். யாரும் ஏம்மா கத்துறே என்று கேட்பதில்லை.

எனக்குப் பேசத் தெரியும், நறுக்கென்று கேட்கத் தெரியும். கத்த மட்டும் தெரியாது. எங்கள் கான்வென்ட் சிஸ்டர் கற்றுக்கொடுத்ததே அதுதான், குரலை உயர்த்தாமல் ஆளை உட்கார வைப்பது. ஒரே ஒரு தடவை அந்த நாகத்தில் ஏறிக் கத்த வேண்டும். இந்த வருஷம் எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

ஏறணும் என்று நேராகக் கேட்டால், "இந்த வயசுலயா?" என்பார் திலகா அக்கா. அதனால் வேறு வழியாகப் போனேன். இந்தப் பை பார்க்கிற வேலை எப்பேர்ப்பட்ட கொடுமை என்று சொன்னால், 'ஐயோ பாவம், இந்தத் தடவை வேற யாராவது' என்று ஒரு குரலாவது வராதா?

"பை பார்க்கறதுன்னா உங்களுக்கு விளையாட்டாப் போச்சு," என்றேன். "போன வருஷம் அங்க என்ன நடந்துச்சுன்னு யாருக்காவது தெரியுமா?"

"என்ன நடந்துச்சு? உட்கார்ந்திருந்தே," என்றார் திலகா அக்கா.

"உட்கார்ந்திருந்தேனா! முப்பத்தெட்டுப் பேர் பை. கண்ணாடி, செருப்பு, சாவி. கருணா ஆபீஸ் ஹெட் கிளார்க்கோட பல்செட். கடிகாரத்தையெல்லாம் கையில கட்டிக்கிட்டேன், மணிக்கட்டுல ஆரம்பிச்சு தோள்பட்டை வரைக்கும். ஒவ்வொண்ணும் ஒரு நேரம் காட்டுது. இடது கையில விடியல, வலது கையில பொழுது சாஞ்சிடுச்சு. உங்க வைரத்தோட்டைக் கர்ச்சீப்ல முடிஞ்சு, சோப்பு டப்பாவுக்குள்ள வச்சு, டப்பாவைக் கைப்பைக்குள்ள போட்டுக் கொடுத்தீங்களே, அந்தக் கைப்பை தலைக்கு மேல. கனம் தாங்காம சிமென்ட் பெஞ்சு முழங்கால் அளவுக்கு மண்ணுக்குள்ள இறங்கிடுச்சு."

"நாங்க கிளம்பறப்ப பெஞ்சு நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள் பவித்ரா.

"பையை எடுத்ததும் மேல வந்துடுச்சு. இதுகூடத் தெரியாதா?"

"லாக்கர் இருக்கே அண்ணி, அதுல வச்சிருக்கலாமே," என்றான் கருணாகரன்.

"லாக்கருக்குக் கொடுக்கற காசு தண்டம், சுகந்தி சும்மாதானே இருக்கான்னு சொன்னது யாரு?"

திலகா அக்கா போண்டா தட்டை இந்தப் பக்கம் தள்ளினார். நான் எடுக்கவில்லை.

"அதோட விட்டாங்களா? என் முகத்துல அப்படி என்னதான் எழுதியிருக்கோ தெரியல. ஈரோட்டுல இருந்து வந்த ஒரு குடும்பம் என்னையும் பையையும் பார்த்துச்சு. 'ஆன்ட்டி, கொஞ்சம் இதையும்'னு வச்சுட்டுப் போயிடுச்சு. பின்னாடியே மூணு பஸ்ல காலேஜ் பசங்க. அவங்க பையெல்லாம் பாறாங்கல்லு. உள்ள புத்தகம் ஒண்ணுகூட இல்ல, அப்புறம் ஏன் அந்தக் கனம்னு இன்னைக்கும் எனக்குப் புரியல. அவங்களுக்குப் பின்னாடி ஒரு கல்யாணக் கோஷ்டி. தாலி கட்டின கையோட நேரா வந்திருக்காங்க. சீர்வரிசைப் பாத்திரம், பித்தளைக் குத்துவிளக்கு, பீரோ."

"பீரோவா?"

"ரெண்டு கதவு பீரோ. கண்ணாடி வச்சது."

"யாரும்மா தீம் பார்க்குக்குப் பீரோ தூக்கிட்டு வருவாங்க?" என்றார் திலகா அக்கா.

"நானும் அதைத்தான் கேட்டேன். லாரிக்காரன் நம்பகமான ஆளா தெரியல, உங்களைப் பார்த்தா தெரியுதுன்னாங்க. நீங்க எங்க இருந்தீங்க அப்போ? அலைக்குளத்துல தலையை உள்ள விட்டுட்டு இருந்தீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இதுதான் இந்தக் கதையின் சௌகரியம். அவர்கள் எல்லோரும் அன்று அங்கே இருந்தார்கள், பெஞ்சுப் பக்கம் மட்டும் இல்லை. யார் எதை மறுத்தாலும் "நீ எங்க இருந்தே?" என்று ஒரு கேள்வி போதும். அவரவர் எங்கேயோ தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது அவரவருக்கு ஞாபகம் வந்துவிடும்.

"லாக்கர் ரூம்காரன் சண்டைக்கு வந்தான். 'மேடம், உங்களால என் பொழப்பே போச்சு, காலையில இருந்து ஒரு பூட்டு திறக்கல'ன்னான். அவனை நான் ஒரு பார்வை பார்த்தேன். 'சரி மேடம், நான் சாப்பிட்டு வர்ற வரைக்கும் இந்த சாவிக்கொத்தையும் பார்த்துக்கோங்க'ன்னு கொடுத்துட்டுப் போனான். அப்பத்தான் குரங்கு வந்துச்சு."

"குரங்கு வந்தது நிஜம்தான்," என்றாள் பவித்ரா. "நான்கூட ஒண்ணு பார்த்தேன்."

"ஒண்ணா? நீ பார்த்தது வேவு பார்க்க வந்தது. பின்னாடி நூறு வந்துச்சு. புளிசாத வாசனை. கையில குச்சி இல்ல. எழுந்து நின்னா மேல இருக்கற பீரோ சரிஞ்சிடும். என்ன பண்ணேன்? எங்க சிஸ்டர் குரல்ல, மெதுவா, 'ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ்'னேன். அத்தனையும் வரிசையா உட்கார்ந்து வாயில விரலை வச்சுக்கிச்சு. ஒரு குட்டி மட்டும் பக்கத்துல பேசிச்சு. அதை எழுப்பி மூலையில நிக்க வச்சேன்."

கருணாகரனுக்கு போண்டா புரையேறிவிட்டது. பவித்ரா அவன் தலையில் தட்டினாள். என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் அசையவில்லை.

"அப்புறம் அந்தக் குரங்குகளை விட்டே பையை அடுக்கினேன். எல்.கே.ஜி.க்கு உயர வரிசை நிக்க வைப்பாங்களே, அது மாதிரி, பெரிசு அடியில, சின்னது மேல. நான் உச்சியில. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஆகாச நாகத்தோட உச்சிக்குச் சமமா உட்கார்ந்திருக்கேன். வண்டி மேல ஏறி வரும்போது எல்லாரும் என்னைத் தாண்டித்தான் போகணும். 'ஆன்ட்டி, என் மூக்குக்கண்ணாடி!' எடுத்துக் கொடுத்தேன். 'ஆன்ட்டி, பசிக்குது!' புளிசாதப் பொட்டலம் ஒண்ணு. முதல் முடிச்சுல பிரிச்சாங்க, ரெண்டாவது முடிச்சுல தலைகீழா சாப்பிட்டாங்க. இறங்கி வரும்போது இலையை என்கிட்டயே கொடுத்துட்டுப் போனாங்க. ஒரு பருக்கை கீழ சிந்தல."

"அண்ணி," என்று கருணாகரன் கையைத் தூக்கினான். "நான் அந்த வண்டியில மூணு தடவை போனேன். எனக்குப் பொட்டலம் வரலையே?"

"நீட்டினேன். நீ கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு 'அம்மா, அம்மா'ன்னு அழுதுக்கிட்டு இருந்தே. சரின்னு பின் சீட்டுக்காரருக்குக் கொடுத்துட்டேன்."

ஹாலே சிரித்தது. பவித்ராதான் ரொம்பச் சிரித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தது நிஜம் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவன் கையைத் தூக்கவில்லை.

இந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். கேட்பவர்கள் சிரித்துவிட்டால் எனக்கு பிரேக் பிடிக்காது.

"கீழே பார்த்தா ஒரே க்யூ. புதுசா வந்த ராட்டினம்னு நினைச்சு என் மலைக்கு டிக்கெட் கேட்கறாங்க. மேனேஜர் ஒலிபெருக்கியில கெஞ்சறார், 'மேடம், எங்ககூடவே இருந்துடுங்க'ன்னு. அப்பத்தான் மேல நிழல் விழுந்துச்சு. நிமிர்ந்து பார்த்தா, திருச்சி விமானம். கைக்கெட்டற தூரம். ஜன்னலைத் திறந்து பைலட் தலையை நீட்டறார்."

"விமானத்துல ஜன்னல் திறக்காது," என்றார் திலகா அக்கா.

"எனக்குத் திறந்துச்சு. 'மேடம், நீங்கதானே இங்க எல்லாத்தையும் பார்த்துக்கறவங்க? இந்த விமானத்தைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க, ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன்'னார். இறக்கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு கையில விமானம், ஒரு கையில ஹெட் கிளார்க் பல்செட். ஒரு பொருள் தொலையல. ஒரு ஹேர்பின் தொலையல. இப்ப சொல்லுங்க, இது ஒரு மனுஷி செய்யற வேலையா?"

இதோ வரப்போகிறது, ஐயோ பாவம், என்று காத்திருந்தேன்.

திலகா அக்கா கையைத் துடைத்துக்கொண்டார். "இல்லதான். உன்னை விட்டா வேற யாராலயும் முடியாது. பவித்ரா, அப்படியே இருக்கட்டும், பை சுகந்திதான். சம்பந்தி வீட்டுக்காரங்க இந்தத் தடவை கைக்குழந்தையைக் கூட்டிட்டு வர்றாங்க. அதையும் இவகிட்டயே விட்டுடச் சொல்லு. விமானத்தையே பிடிச்சவளுக்குக் குழந்தை என்ன கனமா?"

என் வாயாலேயே என்னை இன்னொரு வருஷத்துக்கு அந்தப் பெஞ்சோடு சேர்த்து ஆணி அடித்துக்கொண்டேன். ஆகாச நாகம் தலைக்கு மேல் ஒரு தடவை ஓடி மறைந்தது.

அப்போது ஜன்னலோரம் பேப்பர் மடங்குகிற சத்தம் கேட்டது.

"நான் துண்டு எடுக்க வந்தேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் பேசுவதே அபூர்வம்.

"போன வருஷம், மத்தியானம். அவ நல்லாத் தூங்கிட்டு இருந்தா. வாயைத் திறந்துக்கிட்டு. கைப்பையெல்லாம் பெஞ்சுக்கு அடியில கிடந்துச்சு. ஒரு குரங்கு ஒரு சோப்பு டப்பாவைத் திறக்கப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. நான்தான் விரட்டினேன்."

திலகா அக்கா கை தானாகக் காதுக்குப் போனது. "சோப்பு டப்பாவா? ஐயையோ, என் வைரத்தோடு! ஏன் தம்பி, இதை ஒரு வருஷமா சொல்லவே இல்லையே?"

"யாரும் கேட்கல," என்றார் அவர்.

அவர் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"தூங்கினியாடி? வாய்கிழியக் குரங்கு பரேடு, விமானம்னு அளந்தியே, தூங்கினியா?" திலகா அக்கா மூச்சு வாங்கினார். "உங்க யாரையும் நம்பறதுக்கில்ல. இந்த வருஷம் பை என்கிட்ட. எல்லாப் பையும். குழந்தையும். பவித்ரா, மாத்து."

பவித்ரா மாற்றினாள். "அப்போ சுகந்தி அக்காவுக்கு என்ன வேலை போடறது?"

"அவளுக்கு ஒரு வேலையும் கொடுக்காதே. அந்தப் பாம்பு வண்டியில ஏத்தி விடு. அதுல எப்படித் தூங்கறான்னு பார்ப்போம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ரொம்ப நேரம் நிமிரவில்லை. வெட்கம் என்று நினைத்திருப்பார்கள்.

வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறும்போது அவர் காதோரம் சொன்னேன். "நான் ஒரு நிமிஷம்கூடத் தூங்கலைங்க."

"நான் துண்டு எடுக்க வரவே இல்லையே," என்றார், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே.