டிராக்டர் கறந்த பால்

எருக்கங்குடியில மூணு அண்ணன் தம்பிங்க. மூத்தவர் கலியமூர்த்தி, நடுவுல உத்திராபதி, கடைசி வைரக்கண்ணு. மூணு பேருக்கும் சேர்த்து ஒரு பழைய டிராக்டர், ஒரு மூளை. டிராக்டராவது அப்பப்ப ஓடும்.

நாற்றங்கால்ல நாத்து பறிக்கிற பதத்துல நின்னுச்சு. ரெண்டு நாளுக்குள்ள வயலை உழுது நடலேன்னா முத்திப்போகும், அந்தப் போகமே போச்சு. அந்த நேரம் பார்த்து, "ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துடா"ன்னார் அண்ணன். வைரக்கண்ணு கியர் பாக்ஸுக்கும் சேர்த்து ஒரு குடம் ஊத்திட்டான்.

"அதுவும் வாயைத் திறந்துகிட்டுதான் இருந்துச்சு. ஓரவஞ்சனை பண்ணலாமா?"

வண்டி கொஞ்ச நேரம் உறுமி நின்னதும் மெக்கானிக் சூசைக்குப் போன் போட்டாங்க.

"அடப்பாவிகளா! அடி நட்டைக் கழட்டி எல்லாத்தையும் இறக்குங்க. தண்ணி இல்லாத எண்ணெயா ஊத்துங்க!"

இறக்கினாங்க. தண்ணியோட கலங்கின எண்ணெய் அண்டா நிறைய வெள்ளை வெளேர்னு விழுந்துச்சு.

"பாலுடா!" உத்திராபதி கன்னத்துல போட்டுக்கிட்டான். "இதுல இருக்கிற தண்ணியை எப்படி எடுக்கிறது?"

"பால் சொசைட்டியில கேப்போமா?"

"அவங்களுக்குக் கலக்கத்தான் தெரியும்."

"அப்ப அன்னத்தை விடுவோம். பாலைக் குடிச்சிட்டுத் தண்ணியை விட்டுரும்."

கலியமூர்த்தி தலையில அடிச்சுக்கிட்டார். "மடையா, மிச்சத் தண்ணியை வச்சா வண்டி ஓட்டுறது? தண்ணியைக் குடிச்சிட்டு எண்ணெயை விடுற பறவை வேணும்."

"வாத்துண்ணே! அது பொழுதன்னைக்கும் தண்ணியிலதானே கிடக்கு."

வாத்து மேய்ச்சுக்கிட்டுப் போனவர்கிட்ட ஒரு வாத்தைக் கடன் கேட்டாங்க. விஷயத்தைக் கேட்டதும் மனுஷனுக்கு அந்த இடத்தை விட்டுப் போக மனசே வரலை. மந்தையை வாய்க்கால் கரையில விட்டுட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துட்டார்.

வாத்து அண்டாவை எட்டிப் பார்த்துச்சு. மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு.

"தாகம் எடுக்கலையோ?"

"கருவாடு குடுடா, எடுக்கும்."

கருவாட்டைத் தின்னுச்சு. வாய்க்கால்ல போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்துச்சு. அங்க இருந்த அஞ்சு பேர்ல அறிவாளி அதுதான்.

சாயங்காலம் கலியமூர்த்தி தீர்ப்பு சொன்னார். "தண்ணி இருந்தா வாத்து குடிக்கும். குடிக்கலை. அப்ப தண்ணி இல்லை. ஊத்துடா!"

அதே எண்ணெயை ஊத்தி வண்டியைக் கிளப்பினாங்க. பத்தடி போச்சு. கடகடன்னு பல்சக்கரம் நொறுங்குற சத்தம். அதோட சரி.

"ஐயோ, நாத்து முத்திடுமே!" உத்திராபதி அழுதுகிட்டே நாற்றங்காலுக்கு ஓடினான். அங்க மிச்சமிருந்த முந்நூறு வாத்தும் இறங்கி, மேய்ஞ்சு, மிதிச்சு, துவம்சம் பண்ணியிருந்துச்சு.

திரும்பி வரும்போது பல்லெல்லாம் தெரியச் சிரிச்சான். "அண்ணே, நாத்தே இல்லை! இனிமே முத்தவே முத்தாது. வண்டியைச் சாவகாசமா சரி பண்ணிக்கலாம்."

கலியமூர்த்தி கண் கலங்கிட்டார். வாத்துக்காரருக்கு வெத்தலை பாக்கு வச்சுக் கும்பிட்டார்.

"பெரிய உபகாரம் பண்ணீங்க. அடுத்த போகத்துக்கும் மறக்காம வந்துருங்க."