இல்லன்னா

ஆறுமுகநயினார் வாத்தியாருக்கு வயது ஐம்பத்திரண்டு. அதில் இருபத்தாறு வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு 'ஆனா, ஆவன்னா' சொல்லிக்கொடுத்தே தொண்டை வற்றியவர். வருஷா வருஷம் அதே கூத்துதான். பிள்ளைகள் எழுத்தையெல்லாம் கடகடவென்று ஒப்பிக்கும். பலகையில் 'படம்' என்று எழுதிக் காட்டினால் பாதிப் பிள்ளைகள் முழிக்கும். அந்த முழி அவரை என்னவோ செய்தது. கடைசியில் மூன்று மாதம் லீவு போட்டுவிட்டு, ஆற்றுக்கு அக்கரையில் ஓர் ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தன்னைவிட இருபது வயது சின்னவரான சண்முகவடிவு டீச்சரிடம் சீடனாக உட்கார்ந்தார். ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

டீச்சர் எழுத்துக்குப் பெயரே சொல்வதில்லை. எல்லாம் சத்தம்தான். 'ம்' என்றால் வாயை இறுக்கி மூடி ம்ம்ம். 'ல்' என்றால் நாக்கு நுனியை மேலே ஒட்டி ல்ல்ல். காலையில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறதென்றே புரியாது.

முதல் வாரமே நயினார் கேட்டுவிட்டார்.

"டீச்சர், எழுத்தோட பேரே தெரியாம பிள்ளை எப்படிப் படிக்கும்?"

டீச்சர் அவரை வாசலுக்குக் கூட்டி வந்தார். சத்துணவு ஆயாவின் கோழி ஒன்று வேலியோரம் கிளறிக்கொண்டிருந்தது. ஒரு பிடி குருணையை அள்ளி நயினார் கையில் வைத்தார்.

"அதைக் கூப்பிடுங்க அண்ணாச்சி."

"பா, பா, பா" என்றார் நயினார். கோழி விழுந்தடித்து ஓடி வந்தது. தின்றது. வேலிக்கே திரும்பிப் போய்விட்டது.

இன்னொரு பிடி கொடுத்தார் டீச்சர். "இப்ப பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

"கோழி... ஏ கோழி, இங்க வா."

கோழி ஏறிட்டும் பார்க்கவில்லை. நயினார் இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார். டீச்சர் வகுப்புக்குள் போயிருந்தார்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தாளாளர் பூதலிங்கம். கட்டியது அவர் தாத்தா. இவர் செய்தது சுண்ணாம்பு அடித்ததுதான். அதற்கே வாசல் சுவரில் ஒரு கருங்கல்லைப் பதித்துத் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் வெட்டி வைத்திருந்தார். ஆனால் அந்தப் பெயரை ஊரில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. 'பெரியவுக' என்பார்கள். அவர் எதிரே அதையும் சொல்லாமல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை அவர் வகுப்புக்குள் வந்தார். முன்வரிசையில் பேராச்சி உட்கார்ந்திருந்தாள். ஆறு வயது. பீடி சுற்றுகிறவள் மகள். மற்ற பிள்ளைகள் சத்தங்களைக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தார்கள். இவள் மட்டும் நிதானம், ஒவ்வொன்றாகத்தான் வருவாள்.

"ஏட்டி, எந்திரி. மெய்யெழுத்தைச் சொல்லு."

பேராச்சி முழித்தாள்.

"உயிரெழுத்து?"

அதற்கும் முழித்தாள்.

"நாலு மாசமா இங்க என்னத்தக் கிழிக்கீங்க?" என்று டீச்சரிடம் திரும்பினார். "நான்லாம் நாலு வயசுல இருநூத்து நாப்பத்தேழையும் மூச்சு விடாம ஒப்பிச்சவன். வெள்ளிக்கிழமை வாரேன். இந்தப் பிள்ள ஒப்பிக்கணும், படிக்கவும் செய்யணும். இல்லன்னா பால்வாடிக்கே திருப்பி அனுப்பிருவேன்."

"ஒப்பிக்க மாட்டா" என்றார் டீச்சர்.

"என்னது?"

"ஒப்பிக்க மாட்டா. படிப்பா."

பலகையோரம் நின்ற நயினார் ஓரடி பின்னால் நகர்ந்தார். பெரியவுகளை எதிர்த்து ஒரு சொல் சொல்லி அந்த ஊரில் அவர் கேட்டதே இல்லை.

சாயங்காலம் பேராச்சியின் அம்மா வந்தாள். விரலெல்லாம் புகையிலைத் தூள்.

"பால்வாடிக்குத் திருப்பி அனுப்புனா நான் அங்க விடமாட்டேன் டீச்சர். வீட்டுலயே கெடக்கட்டும், கைக்கொழந்தையப் பாத்துக்கிடட்டும். படிப்பு ஏறலன்னா நான் என்ன செய்ய?"

கோபமாகச் சொல்லவில்லை, பாவம், அழுதுகொண்டேதான் சொன்னாள். பேராச்சி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு கால் பெருவிரலால் தரையில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். பிள்ளை பார்க்க வீட்டுக்குப் போன பிள்ளை திரும்பி வருவதில்லை. இருபத்தாறு வருஷத்தில் நயினார் பார்க்காததா!

மனசு கேட்கவில்லை அவருக்கு. புதனும் வியாழனும் பள்ளி விட்டபின், டீச்சருக்குத் தெரியாமல், சமையல் கொட்டகைக்குப் பின்னால் பேராச்சியை உட்கார வைத்தார். சிலேட்டில் எழுதி எழுதிப் பெயர் சொல்லிக்கொடுத்தார். கானா, காவன்னா, இக்கன்னா, இங்ஙன்னா. பெயரைப் பிடித்துக்கொள்வதில் அந்தப் பிள்ளை படுகெட்டி.

"இது இல்லன்னா" என்று 'ல்' எழுதிக் காட்டினார்.

பேராச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கம்மா எப்பப் பாத்தாலும் இந்த எழுத்தத்தான் சொல்லுவா."

"என்னன்னு சொல்லுவா?"

"தின்னு, இல்லன்னா பூச்சாண்டி வருவான். தூங்கு, இல்லன்னா அடி விழும்."

நயினாரும் சிரித்தார். சிரித்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை பெரியவுக சொன்னபடி வந்துவிட்டார். வாசலில் பேராச்சியின் அம்மா, இடுப்பில் கைக்குழந்தையோடு.

"ஒப்பிக்கச் சொல்லுங்க."

"ஒப்பிக்கிறது இங்க கெடையாதுய்யா" என்றார் டீச்சர். "படிக்கச் சொல்லுங்க."

"படிக்கட்டும். ஆனா புத்தகம் வேண்டாம், அத நீங்க மனப்பாடம் பண்ண வச்சிருப்பீங்க. வாசல்ல இருக்க கல்லைப் படிக்கட்டும். படிக்கணும், இல்லன்னா—"

அவர் சொல்லி முடிக்கவில்லை. பேராச்சி மளமளவென்று சிலேட்டில் 'ல்' எழுதி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என்ன இது?"

"இல்லன்னா. நீங்கதான சொன்னீங்க? இல்லன்னான்னா 'ல்'லு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. மெல்லத் திரும்பி நயினாரைப் பார்த்தார். பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது நயினாருக்கு.

"என்னட்டி, நக்கலா?" பெரியவுகளுக்குக் காது சிவந்துவிட்டது. "வா வெளிய!"

எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். பேராச்சி எக்கி நின்று கல்லில் விரல் வைத்தாள்.

"பூவன்னா... தானா... லீனா... இங்ஙன்னா... கானா... இம்மன்னா."

"சேத்துச் சொல்லு."

"பூவன்னா தானா லீனா..."

அதற்கு மேல் நகரவில்லை. எத்தனை தடவை சேர்த்தாலும் அது சேராது. நயினார் தலையைத் தொங்கப் போட்டார். தான் கொடுத்த பெயர்கள்தான் அந்தப் பிள்ளையின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கின்றன என்று அவருக்குத் தெரிந்தது. அம்மாக்காரி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள்.

"போதும், முடிஞ்சுது" என்றார் பெரியவுக.

"முடியல" என்றார் டீச்சர்.

பேராச்சியின் உயரத்துக்குக் குத்தவைத்து உட்கார்ந்தார். வெறுங்கையை நீட்டினார். "பா, பா, பா."

கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஆயாவின் கோழி அடித்துப் பிடித்து ஓடி வந்தது. கையில் ஒன்றும் இல்லை. தலையைச் சாய்த்து டீச்சரை ஒரு முறை முறைத்தது. பேராச்சி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"கோழிய எப்படிட்டி கூப்பிட்டேன்?"

"சத்தத்துல."

"இதையும் அப்படியே கூப்பிடு. வரும்."

பேராச்சி மறுபடி விரலை வைத்தாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை.

"பூ... த... லி... ங்... க... ம்."

உதடு மூடியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு இடைவெளியைக் குறைத்துக்கொண்டு இன்னொரு தடவை.

"பூத... லிங்... கம்."

சட்டென்று முகம் விரிந்தது. கல்லைப் படபடவென்று தட்டிக்கொண்டு, தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"பூதலிங்கம்! ஏ பூதலிங்கம்!"

"என்ன?" என்றார் பெரியவுக.

வாய் தவறி வந்துவிட்டது. அவர் அம்மா செத்ததிலிருந்து அப்படி அவரை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அம்மாக்காரி "அய்யய்யோ, ஏட்டி!" என்று பதறி ஓடி வந்து பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். பேராச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. கல்லில் இருப்பதைத்தானே படித்தாள்!

பெரியவுக தொண்டையைச் செருமினார். துண்டை உதறித் தோளில் போட்டார். விட்ட கெத்தைத் திரும்பப் பிடிக்க வேண்டுமே.

"சரி, படிக்கா. இருந்துட்டுப் போகட்டும். ஆனா ஆண்டு விழாவுல எல்லாப் பிள்ளையளும் இருநூத்து நாப்பத்தேழையும் ஒப்பிச்சே தீரணும். இல்லன்னா—"

"ல்ல்ல்ல்!" என்றாள் பேராச்சி.

மறுகணம் வகுப்பே நாக்கை மேலே ஒட்டிக்கொண்டது. முப்பது பிள்ளைகள். "ல்ல்ல்ல்ல்ல்!"

பெரியவுக டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பிள்ளைகளை அதட்டவில்லை. நேராக நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவுக தெருவில் இறங்கி நடந்தார்.

அம்மாக்காரி மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு மகளை வகுப்புப் பக்கம் தள்ளினாள். "நீ உள்ள போ. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்."

பிள்ளைகள் சாப்பிடப் போனபிறகு நயினார் பலகை அருகே வந்து நின்றார்.

"நான்தான் டீச்சர். ரெண்டு நாளா நான்தான் அவளுக்குப் பேர் சொல்லிக்கொடுத்தேன். பயந்துட்டேன்."

"தெரியும்."

"இன்னைக்கு அவ படிக்காமப் போயிருந்தா?"

"திங்கக்கிழமை திரும்பவும் சொல்லிக்கொடுத்திருப்பேன்."

"அதுக்குப் பெரியவுக உள்ள விட்டிருக்கணுமே. அவரைப் பகைச்சுக்கிட்டு இங்க இருக்க முடியுமா? அனுசரிச்சுப் போகணும் டீச்சர். இல்லன்னா—"

டீச்சர் சாக்பீஸை எடுத்துப் பலகையில் பெரிதாக ஓர் எழுத்தை எழுதினார்.

ல்

"இது என்ன அண்ணாச்சி?"

இருபத்தாறு வருஷப் பழக்கம். நயினார் வாய் அந்தப் பெயரைச் சொல்லத் திறந்தது. திறந்த வாயை மூடினார். கொஞ்சம் கூச்சத்தோடு நாக்கு நுனியை மேலே கொண்டுபோய் ஒட்டினார்.

"ல்ல்ல்."

"அவ்வளவுதான்" என்று டீச்சர் கையைத் தட்டி உதறினார். "இந்தப் பள்ளிக்கூடத்துல அதுக்கு வேற அர்த்தம் கெடையாது."