வேரில் இல்லாத முடிச்சு

நைட்ரஜன் எனும் தழைச்சத்து குறைந்த செம்மண் பண்ணை அது. பார்வையிட வந்த குழுவிடம், "என் சோயா ரகம் தழைச்சத்தைத் தானே தயாரிச்சுக்கும், துளி உரம் போடலை" என்று பீற்றிக்கொண்டார் அதிகாரி தணிகாசலம். பக்கத்துப் பாத்தியில் இருந்த வேறு ரகக் குட்டைச் சோயாச் செடிகளைக் காட்டி, "முத்துப்பேச்சி, இந்தச் சோதாவைப் பிடுங்கி எறி" என்றார்.

களையெடுக்கும் முத்துப்பேச்சி இரண்டு பாத்தியிலும் ஒவ்வொரு செடியைப் பிடுங்கினாள். குட்டைச் செடியின் வேரில் மிளகு மிளகாக முடிச்சுகள். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு, முடிச்சு வேலை செய்வதன் அடையாளம். அவருடைய செடியின் வேரோ ஒரு முடிச்சும் இல்லாமல் மொழுமொழுவென்று இருந்தது.

"முடிச்சுலதானேங்க தழைச்சத்து உருவாகுது?" என்று கேட்டாள்.

"யூரியா போட்டாத்தான் இப்படி முடிச்சு வராது. போட்டீரா?" என்றார் குழுத்தலைவர். தணிகாசலம் தலைகுனிந்தார். "இந்த ரகத்தைத் தள்ளுங்க" என்றார் தலைவர்.

"செடி என்ன பாவம் பண்ணுச்சுங்கய்யா?" என்றாள் முத்துப்பேச்சி. "ஊட்டிக்கிட்டே இருந்தா எந்தப் பிள்ளை தானாச் சாப்பிடும்? யூரியா இல்லாம ஒரு போகம் என்கிட்ட விடுங்க."